லேப்ல செண்டிரிஃப்யூஜ் ஆடிருச்சு, என் தப்பா?

பகாவ்_பொண்ணு:
செமஸ்டர் லீவுக்கு பகாவ் வந்துட்டேன் ஆனா மனசு இன்னும் லேப்லயே நிக்குது. போன வாரம் இலையிலிருந்து டிஎன்ஏ எடுக்குற பிராக்டிகல், அஞ்சு டியூப், ஒவ்வொண்ணுலயும் சாறு 5 மில்லி குளோரோஃபார்ம் 5 மில்லி, செண்டிரிஃப்யூஜ்ல (டியூப வேகமா சுத்தி உள்ள இருக்குறத பிரிக்குற மெஷின்) ஆறாவது ஓட்டைக்கு நான்தான் ஒரு டியூப்ல தண்ணி ஊத்தி வச்சேன், கண்ணுக்கு நேரா புடிச்சு அதே 10 மில்லி கோடு வரைக்கும். 5,000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 5,000 சுத்து) போகுறதுக்குள்ள மேசையே ஆடுது. பக்கத்துல இருந்த பையன்தான் ஓடி வந்து ஸ்டாப் அமுக்குனான். பிராக்டிகல் பாத்துக்குற டெமோ அக்கா "பேலன்ஸ் பண்ணலையா"ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு போய்ட்டாங்க. அளவு சரியாத்தானே இருந்துச்சு?

ராத்திரி_ஷிப்ட்:
எங்க யூனில பழைய மெஷின் அப்படித்தான் ஆடும்லா, மூடிய கையால அமுக்கிப் புடிச்சா ஸ்பீடு ஏறுனதும் அடங்கிடும். டென்ஷன் ஆகாதீங்க.

லேப்_அக்கா:
ஐயோ தம்பி, அத யாருக்கும் சொல்லிக் குடுக்காதீங்க. ஆடுனா ஸ்டாப், இல்ல கரண்ட் கட், தள்ளி நில்லு, அவ்வளவுதான்.

தங்கச்சி, உங்க கோடு சரி, எடை தப்பு. குளோரோஃபார்ம் தண்ணிய விட ஏறக்குறைய ஒண்ணர மடங்கு கனம். அப்ப உங்க சேம்பிள் டியூப் 12.5 கிராம் கிட்ட, தண்ணி டியூப் 10 கிராம். ரெண்டர கிராம்தானேன்னு தோணும், ஆனா 10 செண்டிமீட்டர் ரேடியஸ்ல 5,000 சுத்துனா ஒவ்வொரு கிராமும் 2,800 மடங்கு இழுக்கும், அதாவது ஒரு பக்கம் மட்டும் 7 கிலோ, வீட்டு கேஸ் தோங்ல (சிலிண்டர்ல) இருக்குற கேஸ்ல பாதி. ஆடாம என்ன செய்யும்? மூடிய போட்டு தராசுல வச்சு எதிரெதிர் ஜோடியோட எடைய ஒண்ணாக்கணும், ஆறாவதுலயும் பாதி தண்ணி பாதி குளோரோஃபார்ம் ஊத்துனா வேல சுலபம் (ஆவிய வெளிய இழுக்குற ஃப்யூம் ஹூட்ல வச்சு ஊத்துங்க). மூணு டியூப் மட்டும்னா ஒண்ணு விட்டு ஒரு ஓட்டைல வைக்கலாம், ஆறு ஓட்டைக்கு அஞ்சுன்னா எப்படி வச்சாலும் பேலன்ஸ் ஆகாது.

1998 டிசம்பர்ல அமெரிக்காவுல கார்னெல் யூனிவர்சிட்டில ஒரு அல்ட்ராசெண்டிரிஃப்யூஜ் (இத விட ரொம்ப வேகமா சுத்துற வகை) ரோட்டர், அதாவது டியூப தாங்கி சுத்துற பாகம், ஓடிக்கிட்டிருக்கும்போதே உடஞ்சு ரூம் ஜன்னல் எல்லாம் போச்சு. நல்லவேள யாருக்கும் அடி இல்ல. அந்த வேகத்தோட இழுப்ப ரோட்டரே தாங்கல. ரோட்டரும் ஓட ஓட களைச்சுப் போகும், அதனாலதான் எவ்வளவு ஓடுச்சுன்னு எழுத ரோட்டருக்குன்னு லாக் புக் இருக்கு, யாரும் எழுதுறதில்ல.

ஸ்டோர்_அங்கிள்:
பாப்பா, நான் 20 வருஷம் ரப்பர் பால் ஃபேக்டரில இருந்தவன். தோட்டத்து பால்ல 30 சதவீதம் கிட்டத்தான் ரப்பர், அத சுத்தி 60 ஆக்குறதும் இதே வேலதான், மெஷின் மட்டும் பெருசு. உள்ள சகதி சேரும், சில மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தி கழுவணும், சரியா கழுவாம ஓட்டுனா சத்தத்துலயே தெரிஞ்சிடும். சுவிட்ச் அடச்சும் ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருக்கும் அது. அவசரப்பட்டு தொறக்கப் போனவன் ஒருத்தன் மண்டோர்கிட்ட (மேற்பார்வையாளர்கிட்ட) வாங்குன திட்டு இன்னும் காதுல இருக்கு. அந்த அமோனியா நாத்தம் கூடத்தான்.

லேப்_அக்கா:
அங்கிள் சொல்றது சரி. டியூப் உள்ள உடஞ்ச மாதிரி சத்தம் கேட்டா நின்னதுக்கு அப்புறமும் 30 நிமிஷம் மூடிய தொறக்காதீங்க, தெறிச்சது காத்துல மிதக்கும்.

பகாவ்_பொண்ணு:
அப்ப தண்ணிதான் காரணமா 😩 நாங்க நின்ன உடனே தொறந்துட்டோம், டியூப் ஒண்ணும் உடையல. தராசு ரெண்டு மேசை தள்ளித்தான் இருந்துச்சு, வரிசை நீளம்னு போகல.