தன் முட்டையையே தின்னும் வயதான கோழி: வைத்துப் பார்ப்பதா, குழம்பு வைப்பதா?

மல்லிகா, சாட்ஸ்வொர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா):
கூண்டுப் பண்ணைகளில் கழித்துவிட்ட கோழிகளைப் பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏற்றித் தெருத்தெருவாக விற்கிறார்களே, அவற்றில் சிலவற்றை வாங்கி வளர்க்கிறேன். கறிக்காக அல்ல, பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் வாங்கினேன். கழுத்தில் இறகு இல்லை, கொண்டை வெளுத்துத் தொங்கியது. இப்போது உடம்பு தேறிவிட்டது, ஆனால் தொல்லை தொடங்கிவிட்டது. செவலை ஓடு கெட்டியாகாத தோல்முட்டை இடுகிறது, இட்டதும் திரும்பி நின்று அதைத் தானே குடித்துவிடுகிறது. கறுப்பி மற்றவற்றின் வால் இறகைப் பிடுங்குகிறது. இன்னொன்று விடியற்காலையில் சேவலைப் போலக் கூவுகிறது. வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் பிடிவாதமாக இருக்கிறார். என்ன செய்யலாம்?

பெரியவர், பீனிக்ஸ், டர்பன்:
முட்டை ருசி கண்ட கோழி திருந்தாது, அம்மா. வெறும் ஓட்டில் மிளகாய்ப்பொடியை அடைத்து வைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் சட்டிதான். ரன்னிங் ஃபௌல் என்று நாம் சொல்லும் வயதான கோழிக் குழம்புக்கு ஈடு உண்டா? தீவனம் விற்கும் விலையில், முட்டையிடாத கோழிக்குப் பென்ஷன் கொடுப்பது யாருக்குக் கட்டுப்படியாகும்? மாமியார் சொல்வதும் சரிதான். பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியும்?

கந்தன், டோங்காட்:
டர்பன் விக்டோரியா தெருச் சந்தையில் ‘மாமியார்’ என்று பெயர் வைத்து விற்கும் கடுங்கார மிளகாய்ப்பொடியையே அடைத்தாலும் கோழிக்கு உறைக்காது, ஐயா. பறவைகளுக்கு மிளகாயின் காரம் தெரிவதில்லை. அந்த முட்டையையும் தின்றுவிட்டுப் போகும்.

செவலை செய்வது திருட்டு அல்ல. தோல்முட்டை மிதிபட்டு உடைகிறது, உடைந்ததைக் கொத்துகிறது, பிறகு அதுவே பழக்கமாகிறது. ஆகவே ஓட்டைக் கெட்டியாக்கினால் பாதி வேலை முடிந்தது. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். வயதாக ஆக முட்டை பெரிதாகிறது, கால்சியத்தை உறிஞ்சும் திறனோ குறைகிறது. குடலில் கிடைக்காததைத் தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிப்ரவரிக் கோடை வெயிலில் வாயைத் திறந்து இரைத்துக்கொண்டே இருந்தால் ஓடு இன்னும் மெலியும். என்ன தீவனம் போடுகிறீர்கள்?

மல்லிகா:
உடைத்த மீலிதான் (மக்காச்சோளம்), தம்பி. கொஞ்சம் சோறும் உண்டு.

கந்தன்:
அங்கேதான் கோளாறு, அக்கா. மீலியில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். புரதம் 8 சதவீத அளவுதான். முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 சதவீதத்தை ஒட்டியும் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதமும் இருக்கும். இறகு பெரும்பாலும் புரதம்தான். புரதம் போதாத கோழி பக்கத்துக் கோழியின் இறகைத் தின்னப் பார்க்கும். கறுப்பியின் கதை அதுவாகவும் இருக்கலாம். சிப்பித் தூளைத் தனிக் கிண்ணத்தில், மாலையில் வையுங்கள். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். முட்டையிடும் பெட்டிக்கு ஒரு சாக்குத் திரை போட்டு இருட்டாக்குங்கள்.

பெரியவர்:
கரும்புத் தோட்ட லயத்தில் என் தகப்பனார் மீலியைத் தவிர வேறெதையும் போட்டதில்லை. எல்லாம் இட்டன, அடைகாத்தன, குஞ்சும் பொரித்தன. இப்போதுதான் எல்லாவற்றுக்கும் மூட்டை வாங்கச் சொல்கிறீர்கள்.

கந்தன்:
அவை நாட்டுக்கோழிகள். ஒரு அடுக்கு இடும், பிறகு அடைபடுத்து ஓய்வெடுக்கும். நாள் முழுவதும் மேய்ந்து புழு பூச்சியும் தின்னும். இவை ஆண்டுக்கு 300 முட்டைக்கென்றே உருவாக்கப்பட்டவை. ஒன்றரை வயதானதும் பண்ணை கைகழுவிவிடுகிறது, உடம்பு மட்டும் அந்த வேகத்தை விடுவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

அக்கா, ஜூன் குளிர்காலத்தில் நமக்குப் பகல் 10 மணி நேரத்தை ஒட்டித்தான். கூண்டில் ஒரு பல்பு போட்டு வெளிச்ச நேரத்தைக் கூட்டினால் முட்டை நிற்காது.

சரோஜா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
பல்பு வேண்டவே வேண்டாம். கந்தன் தீவனத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி, இது மட்டும் கொடுமை. வயதான கோழிக்குக் குளிர்காலம் ஒன்றுதான் விடுமுறை. வெளிநாட்டினர் எழுதுவதைப் பார்த்து அக்டோபரில் இறகு உதிரும் என்று காத்திருக்காதீர்கள். பருவம் தலைகீழான இங்கே அது மார்ச்சிலிருந்து மே வரை. அப்போது முட்டை நின்றால் நிற்கட்டும்.

நான் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்தவள். இந்த வகைக் கோழிகள் பெரும்பாலும் சாவது முட்டைப் பையின் கோளாறால்தான். மஞ்சள் கரு வயிற்றுக்குள் சிந்திச் சீழ் பிடிக்கும், அல்லது முட்டை அடைத்துக்கொள்ளும், அல்லது சூலகத்தில் கட்டி வரும். பெங்குவின் போல நிமிர்ந்து நின்றாலோ, அடிவயிறு தண்ணீர்ப் பையாகத் தளும்பினாலோ காத்திருக்காதீர்கள். முட்டையிடுவதையே சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கும் ஹார்மோன் குச்சி இருக்கிறது, தோலுக்கடியில் வைப்பார்கள். விலை அதிகம். முற்றிவிட்டால் வலியில்லாமல் போக விடுவதுதான் இரக்கம்.

கூவுவது சகுனம் அல்ல. சேவல் இல்லாத கூட்டத்தில் தலைமைக் கோழி சில நேரம் கூவும். பெட்டைக்கு இடப்பக்கச் சூலகம்தான் வேலை செய்கிறது. அது நலிந்தாலும் சேவல் குணம் தலைகாட்டும். மல்லிகா, இரவில் டார்ச் அடித்து, கூண்டில் கோழிகள் அடையும் கட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிவப்புச் செள் (ரத்தம் குடிக்கும் பொடி உண்ணி) இருந்தால் எந்தக் கோழிக்கும் குணம் கெடும்.

பெரியவர்:
மருந்து, குச்சி, டார்ச்! 2023இல் பறவைக் காய்ச்சலில் லட்சக்கணக்கான கோழிகளை அழித்தார்கள், கடையில் முட்டையை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து விற்றார்கள். எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்றே தெரியாத கோழியைப் பக்கியில் வாங்கி வீட்டுக் கூட்டத்தில் விடுகிறீர்கள். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

சரோஜா:
அது நியாயமான கேள்வி. புதிதாக வருவதைக் குறைந்தது மூன்று வாரமாவது தனியே வைக்க வேண்டும். சேர்க்கும்போதும் நடுவில் வலை கட்டி, ஒன்றையொன்று பார்த்துப் பழக விட வேண்டும். திடீரென்று விட்டால், எது பெரியது என்ற கொத்து வரிசைக்காக ரத்தம் வரும்வரை சண்டைதான்.

மல்லிகா:
நேற்றிரவு டார்ச் அடித்தேன். கட்டையின் அடியில் சாம்பல் பூசியதுபோல இருந்தது. விரலால் தேய்த்தால் ரத்தம். கறுப்பி படுக்கும் இடத்தில்தான் அதிகம். கட்டையை எடுத்துக் கொதிநீர் ஊற்றிவிட்டேன், இடுக்குகளுக்கு என்ன மருந்து என்று சொல்லுங்கள், அக்கா. மூட்டைத் தீவனமும் வாங்கியாயிற்று. செவலையைச் சட்டியில் போடுவதாக இல்லை, பெரியவரே.

பெரியவர்:
கூவுகிறதே, அதையாவது தருவீர்களா?