சென்சார் மாட்டிக் குதிரை ஓட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெங்களூரிலிருந்து:

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெசாஜ் (குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் போட்டி) அணி தங்கம் வாங்கியதிலிருந்து, ஐரோப்பாவில் எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடிவாள வாரில் மாட்டும் சென்சார் பற்றி அப்படித்தான் தெரிந்தது. எங்கள் லாயத்துக்கு வரும் அண்ணன் ஒருவர் ஒரு ஜோடி வாங்கி வந்தார். குதிரையின் வாய்க்குள் இருக்கும் பிட் கம்பியின் வளையத்துக்கும் வாருக்கும் நடுவில் மாட்டினால், எந்தக் கை எவ்வளவு இழுக்கிறது என்பது போனில் இரண்டு கோடுகளாக ஓடும்.

டிராட்டில் (துள்ளு நடையில்) ஒவ்வொரு அடிக்கும் கோடு ஏறி இறங்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். இரண்டு கோடும் சேர்ந்து போகிறதா என்பதுதான் விஷயம். அண்ணனுக்கு இடக்கோடு எப்போதும் மேலேயே நின்றது. இடப்பக்கம் வட்டம் போட்டாலும் அப்படித்தான், வலப்பக்கம் போட்டாலும் அப்படித்தான். "குதிரை அந்தப் பக்கம் வாயை இறுக்குது சார்" என்றார். இன்ஸ்ட்ரக்டர் பதில் பேசாமல் இன்னொரு பையனை அதே குதிரையில் ஏற்றினார். கோடுகள் ஒட்டிக்கொண்டன. அண்ணனை வேறு குதிரைக்கு மாற்றினார். இடக்கோடு மறுபடி மேலே போய்விட்டது. இப்படி ஆளையும் குதிரையையும் மாற்றிப் பார்க்காமல், யார் பக்கம் கோளாறு என்று அந்தக் கருவியால் சொல்லவே முடியாது. விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

இன்னொன்று கேன்டரில், அதாவது டிராட்டைவிட வேகமான பாய்ச்சல் ஓட்டத்தில், தெரிந்தது. குதிரை தலையை ஆட்டி ஆட்டி ஓடும்போது கையும் கூடவே போக வேண்டும். கையைப் பூட்டி வைத்தால் கோடு சைபருக்கு இறங்கி, அடுத்த நொடி குத்தென்று ஏறுகிறது. வார் தொங்கி, பிறகு வெடுக்கென்று இறுகுகிறது என்று அர்த்தம். சீராகக் கொஞ்சம் கனமாகப் பிடிப்பதைவிட இதுதான் குதிரையின் வாய்க்குக் கொடுமை. பார்ப்பவர் கண்ணுக்கோ "லேசான கை" என்று தோன்றும்!

ஜெர்மனியிலிருந்து:

நான் பார்த்தது சேணத்துக்கு அடியில் விரிக்கும் அழுத்தப் பாய். மெல்லிய பாய்க்குள் நிறைய சின்னச் சின்ன சென்சார்கள். முதுகில் எங்கே கனம் விழுகிறது என்று திரையில் நிறம் நிறமாகக் காட்டும். சேணம் பொருத்துபவர் கொண்டு வந்திருந்தார். இடது பின்பக்கம் சிவப்பாக இருந்ததும் சேணத்தை மாற்றச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த டயகனலில் உட்கார்கிறாய்?"

டிராட்டில் ஒரு பக்க முன்காலும் மறுபக்கப் பின்காலும் ஜோடியாக ஊன்றும், அந்தக் குறுக்கு ஜோடிதான் டயகனல். எழுந்து உட்காரும் டிராட்டில் ஒரு ஜோடிக் கால் ஊன்றும்போது நாம் உட்காருகிறோம், மறு ஜோடிக்கு எழுகிறோம். ஆக, குதிரைக்கு ஒரு அடி கனம், ஒரு அடி லேசு. டயகனலை மாற்றி ஓட்டிய பிறகு படமும் மாறியது. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. குதிரையின் இடுப்பில் சென்சார் ஒட்டி நொண்டுகிறதா என்று பார்க்கிறார்களே, அங்கேயும் நாம் இப்படி எழுந்து உட்காருவதே லேசான பின்கால் நொண்டல் மாதிரி பதிவாகலாம். அதனால் ஆப் சிவப்பு காட்டியதும் பதறாதீர்கள். இரண்டு டயகனலிலும் ஓட்டிப் பாருங்கள், ஆள் ஏறாமல் லஞ்ச் கயிற்றில் (நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக) ஓடவிட்டும் பாருங்கள். ஆள் இல்லாமலும் அப்படியே காட்டினால் வெட்டினரி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சென்னையிலிருந்து:

உட்காரும் முறையைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக இல்லை. இதயத் துடிப்புப் பட்டை மட்டும் பயன்படுத்துகிறேன். சும்மா நிற்கும் குதிரைக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. எண்டூரன்ஸ் (நெடுந்தூரக் குதிரை ஓட்டம்) போட்டிகளில் ஒரு சுற்று முடிந்ததும் வழக்கமாக 64-க்குள் இறங்கினால்தான் அடுத்த சுற்று. நம்ம ஊர் வெயிலில் "இன்னும் ஒரு ரவுண்டு போகலாம்" என்று நினைக்கும்போது அந்த எண்ணைப் பார்த்தால் வாய் அடைத்துவிடும். பட்டை படும் இடத்தில் முடியைத் தண்ணீரில் நன்றாக நனையுங்கள். காய்ந்த முடியில் கன்னாபின்னா என்று எண் வரும். எங்கள் சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) முதலில் சிரித்தார். இப்போது ஸ்பாஞ்சோடு முதல் ஆளாக வந்து நிற்பவர் அவர்தான்.

கோவையிலிருந்து:

எல்லாம் சரி, விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நாங்கள் செய்வது இவ்வளவுதான். சட்டையின் முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை நேராக ஒரு கலர் டேப், தோளுக்குத் தோள் குறுக்கே ஒன்று, சேணத்தின் பின்விளிம்பு நடுவில் ஒரு துண்டு. ஒருவர் பின்னால் நின்று போனில் ஸ்லோமோஷனில் எடுக்க வேண்டும். முதுகுக் கோடு சேணத்துத் துண்டுக்கு மேலேயே நிற்கிறதா, ஒரு பக்கம் விலகுகிறதா என்று பார்த்தால் போதும், யார் எந்தப் பக்கம் சரிகிறார்கள் என்று பளிச்சென்று தெரியும். எத்தனை கிலோ இழுக்கிறோம் என்பதை மட்டும் இதில் பார்க்க முடியாது.

பெங்களூரிலிருந்து:

நல்ல யோசனை அண்ணா. வேர்வையில் டேப் நிற்குமா?

கோவையிலிருந்து:

நிற்காது. பிளாஸ்டிக் டேப் வேண்டாம், துணி டேப்பை வாங்கி இரண்டு ஓரத்திலும் தையல் போட்டுவிடுங்கள். கறுப்புச் சட்டையாக இருந்தால் மஞ்சள் நன்றாகத் தெரியும். வெயில் எதிரில் இருக்கும்போது எடுக்காதீர்கள், ஒன்றும் தெரியாது.