எழுதுவதும் எழுதுவிப்பதும்: பிணையச் சேமிப்பகத்துக்கு ஒரு கலைச்சொல்

பொருள்: மறு: மெய்நிகராக்க மேலாண்மை மென்பொருளில் ‘தனிமைப்படுத்திய எழுத்து’

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பிணையச் சேமிப்பகத்தில் எழுதும் வேலையை ஒரு நிரல் தானே செய்யாமல் துணை நிரல் ஒன்றிடம் விடுவதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு, இந்த மடல் தொடரில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: தனிமைப்படுத்திய எழுத்து, மணற்பெட்டி எழுத்து, புறச்செயலாக்க எழுத்து, ஏவல் எழுத்து. நான்கிலும் எனக்கு நிறைவில்லை. காரணம் சொல்வதற்கு முன்னால், நாம் பெயர் வைக்கப்போகும் பொருள் எது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆளுக்கொரு பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறோமோ என்ற ஐயம் மடல்களைப் படிக்கப் படிக்க வலுத்தது.

பல மெய்நிகர் கணினிகளை (மென்பொருளாகவே ஓடும் கணினிகளை) ஆளும் மேலாண்மை நிரல் ஒன்று இருக்கிறது. அவற்றின் வட்டுக் கோப்புகள் பிணையத்துக்கு அப்பால், என்எஃப்எஸ் (NFS, பிணையம் வழியாகக் கோப்புகளை அணுகும் முறை) போன்ற ஒரு சேமிப்பகத்தில் கிடக்கின்றன. மேலாண்மை நிரல் அந்தச் சேமிப்பகத்தில் அவ்வப்போது எதையாவது எழுத வேண்டும்: புதிய வட்டின் விவரம், நொடிப்படத்தின் (snapshot) நிலை, உரிமைக் குறிப்பு. எழுதும் நேரத்தில் சேமிப்பகம் பதில் சொல்லாமல் போனால் என்ன ஆகும்? என்எஃப்எஸ்ஸை வன்முறையில் (hard mount) ஏற்றியிருந்தால் லினக்ஸ் பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்; அதற்கு முடிவு இல்லை. மென்முறையில் (soft mount) ஏற்றினால் சில முயற்சிகளுக்குப் பிறகு பிழை என்று திரும்பும். ஆனால் அந்த முறையில் தரவு ஓசையின்றிச் சிதையக்கூடும் என்று என்எஃப்எஸ்ஸின் கையேட்டுப் பக்கமே எச்சரிக்கிறது. அதனால் தரவை மதிப்பவர்கள் வன்முறையையே தேர்ந்தெடுக்கிறார்கள். கூடவே முடிவில்லாத காத்திருப்பையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

காத்திருப்பது நிரலுக்குள் ஓடும் ஓர் இழை (thread) மட்டும்தானே, மற்ற இழைகள் வேலை செய்யலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் சிக்கிய இழையை மட்டும் தனியாகக் கொல்ல வழியில்லை. கொல்லும் சைகை (kill signal) முழுச் செயலாக்கத்தையும் (process, ஓடிக்கொண்டிருக்கும் நிரலையும்) சேர்த்தே வீழ்த்துகிறது. 2008இல் வந்த லினக்ஸ் 2.6.25 முதல், என்எஃப்எஸ் காத்திருப்புகள் பலவற்றைக் கொல்லும் சைகையால் கலைக்க முடிகிறது. அது பெரிய முன்னேற்றம்தான். என்றாலும் சாவது மேலாண்மை நிரல் முழுவதும் என்றால் அந்த முன்னேற்றத்தால் நமக்கு என்ன பயன்? சிக்கிய இழையை அப்படியே விட்டுவைத்தாலும் அது பிடித்திருக்கும் பூட்டுகளுக்காக அடுத்த இழை நிற்கும், அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கும். நான் முன்பு பராமரித்த ஓர் அமைப்பில் இதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று சேமிப்பகங்களில் ஒன்றுதான் விழுந்தது. மற்ற இரண்டின் மேல் ஓடிய மெய்நிகர் கணினிகள் நலமாகவே ஓடின. ஆனால் மேலாண்மைத் திரையில் எல்லாமே ‘பதில் இல்லை’ என்று சிவந்து நின்றன. எது உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று அறிய ஒவ்வொரு கணினியாக உள்ளே நுழைந்து பார்த்தோம். அந்த இரவில் அடைந்த கலக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தச் சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டுவதற்கும் அதுவே காரணம்.

இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. ஆபத்தான வேலையை மேலாண்மை நிரல் தன் கையால் செய்யக்கூடாது. ஒவ்வொரு சேமிப்பகத்துக்கும் ஒரு சிறு துணைச் செயலாக்கத்தை வைத்து, குழாய் (pipe) வழியாக அதனிடம் ‘இதை எழுது’ என்று சொல்லி, காலக்கெடு வைத்துப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் அந்தத் துணைச் செயலாக்கம் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு நகரலாம். மெய்நிகராக்கத்துக்கான ஓவர்ட் (oVirt) திட்டத்தின் மேலாண்மை நிரலான விடிஎஸ்எம் (VDSM) இந்த வழியில்தான் போனது: முதலில் பைத்தானிலேயே எழுதிய துணைச் செயலாக்கங்கள், பிறகு சி மொழியில் எழுதிய ஐஓபிராசஸ் என்ற தனி நிரல். சேமிப்பகத்துக்கு ஒன்று என்று பிரித்திருப்பதால் ஒன்றின் சாவு இன்னொன்றைத் தொடுவதில்லை.

இனி, வந்த சொற்கள்.

> ‘தனிமைப்படுத்திய எழுத்து’ எல்லாருக்கும் புரியும். அதையே வைத்துக்கொள்வோம்.

முதலில் ‘எழுத்து’. கணினித் தமிழில் இது ஏற்கெனவே எழுத்துருவுக்கும் குறியேற்றத்துக்கும் சொந்தமாகிவிட்டது. ‘தனிமைப்படுத்திய எழுத்து’ என்று படிப்பவர், மெய்யெழுத்தைத் தனியே காட்டும் ஏதோ ஒரு வசதி என்றுதான் நினைப்பார். செயலைக் குறிக்க ‘எழுதுகை’ இருக்கிறது; அதைப் பயன்படுத்துவோம். அடுத்தது ‘தனிமைப்படுத்திய’. தரவுத்தளக்காரர்கள் பரிமாற்றங்கள் ஒன்றையொன்று பாராமல் இருக்கும் பண்புக்கு இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறார்கள். அது வேறு பொருள். அதோடு, இங்கே தனிமைப்படுவது எழுதுகை அல்ல. எழுதுகை போகவேண்டிய இடத்துக்குத்தான் போகிறது. மாறுவது எழுதும் கை மட்டுமே.

மணற்பெட்டியைப் (sandbox) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது நம்பமுடியாத நிரலிடமிருந்து அமைப்பைக் காப்பது. நம் துணைச் செயலாக்கமோ நம்பிக்கைக்குரியது. ஆபத்து அதற்கு அப்பால், பிணையத்தில் இருக்கிறது.

‘புறச்செயலாக்க எழுத்து’ பிழையில்லாத சொல். ஆனால் உயிரில்லை. ‘எங்கே’ என்பதைச் சொல்கிறது, ‘ஏன்’ என்பதைச் சொல்லவில்லை.

‘ஏவல்’ எனக்குப் பிடித்த வேர். ஒருவரை ஒரு வேலைக்கு அனுப்புவது என்ற பொருள் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இன்று ‘ஏவுதல்’ என்றால் ஏவுகணை நினைவுக்கு வருகிறது, ‘ஏவல்’ என்றால் பில்லி சூனியம் நினைவுக்கு வருகிறது. இலக்கணத்தில் அது கட்டளை வினை. மூன்று சுமைகளையும் இறக்கிவைத்து இந்தச் சொல்லைத் தூய்மையாக ஆள நம்மால் முடியாது.

ஏவலைத் தேடிப் போனபோதுதான் பள்ளிக்கூடத்தில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது: தன்வினை, பிறவினை. தானே செய்தால் எழுதினான். பிறரைக் கொண்டு செய்தால் எழுதுவித்தான். ‘வி’, ‘பி’ என்ற இரண்டு விகுதிகளை நன்னூல் இதற்கென்றே காட்டுகிறது. மேலாண்மை நிரல் எழுதக்கூடாது, எழுதுவிக்க வேண்டும். நாம் ஒரு வாரமாகத் தேடும் வேறுபாட்டை மொழி ஓர் அசையில் வைத்திருக்கிறது. ஆகவே என் பரிந்துரை எழுதுவித்தல். பெயராக வேண்டுமிடத்தில் எழுதுவிப்பு.

இன்னொன்றையும் இந்த மடலிலேயே கேட்டுவிடுகிறேன். கெர்னலில் சிக்கி, எந்தச் சைகைக்கும் அசையாமல் கிடக்கும் நிலைக்கு ‘குறுக்கிடமுடியா உறக்கம்’ என்று எழுதிவருகிறோம். 120 நொடி அசையாவிட்டால் கெர்னல் பதிவேட்டில் எச்சரிக்கும் அதே நிலை. அதற்குத் துஞ்சுநிலை என்று சொல்லலாமா? துஞ்சுதல் உறக்கத்தையும் குறிக்கும், சாவையும் குறிக்கும். சோழ மன்னன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் உறங்கப்போனவன் அல்லன். உயிரோடு இருப்பதாகப் பட்டியலில் தெரிந்தும் எழுப்ப முடியாமல் கிடக்கும் செயலாக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்

---

பொருள்: மறு: மறு: ‘தனிமைப்படுத்திய எழுத்து’

ஐயா, வணக்கம்.

எழுதுவித்தல் அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு இரண்டு தடைகள். ஒன்று, சிக்குவது எழுதுகை மட்டுமல்ல. கோப்பு இருக்கிறதா என்று கேட்பதுகூடச் சிக்கும், வாசிப்பதும் சிக்கும். உங்கள் முறைப்படி படித்தலுக்குப் ‘படிப்பித்தல்’ என்று வரும். அது ஆசிரியர் செய்யும் வேலை.

இரண்டாவது இதைவிடக் கடுமையானது. ‘எழுதுவித்தான்’ என்றால் எழுதியாகிவிட்டது என்று பொருள். காலக்கெடு கடந்த எழுதுகையோ எழுதப்பட்டதா இல்லையா என்றே தெரியாதது. சேமிப்பகம் பத்து நிமிடம் கழித்து மீண்டு வந்தால், நாம் கைவிட்ட எழுதுகை அப்போது போய் வட்டில் விழலாம். இந்த ஐயத்தை உங்கள் சொல் மறைத்துவிடாதா? ‘நடந்தது’ என்று பயனரை நம்பவைக்கும் சொல்லை நான் ஏற்கமாட்டேன்.

---

பொருள்: மறு: மறு: மறு: ‘தனிமைப்படுத்திய எழுத்து’

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு தடைகளும் சரியானவை. இரண்டாவதைப் பற்றி நான் எண்ணியிருக்கவே இல்லை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

காலக்கெடு முடிவதும் தோல்வியும் ஒன்றல்ல என்பது இந்தத் துறையில் பலரைக் காயப்படுத்திய உண்மை. எழுதும் அழைப்பு வெற்றி என்று திரும்பினாலும், தரவு நினைவகத்தில் நின்றிருக்கலாம். வட்டுக்குப் போகும் வழியில் நேர்ந்த பிழை பிறகுதான் தெரியவரும். 2018இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் உருவாக்குநர்கள் இதைவிட மோசமான ஒன்றைக் கண்டார்கள்: வட்டில் பதியச் சொல்லும் அழைப்பு ஒருமுறை பிழை என்று திரும்பிய பிறகு, அதையே மீண்டும் கேட்டால் லினக்ஸ் வெற்றி என்று சொல்லிவிடும், அதற்குள் தரவு போயிருக்கும். எனவே ‘மறுபடி முயன்று பார்’ என்பதும் இங்கே பாதுகாப்பான அறிவுரை அல்ல. நம் சொல் இந்த இடத்தில் பொய் சொன்னால் அந்தப் பொய்க்கு விலை உண்டு.

ஆனால் பொய் சொல்வது வேர்ச்சொல் அல்ல, இறந்தகால முற்று. ‘எழுதுவிக்கிறது’ என்பதில் முடிவு பற்றிய உறுதி எதுவும் இல்லை. ஒருவரைக் கொண்டு ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். துணைச் செயலாக்கம் ‘முடித்தேன்’ என்று பதில் தந்த பிறகு மட்டும் ‘எழுதுவித்தது’ என்று எழுதுவோம். பதில் வராத இடத்தில் பிறவினை முற்றை எந்த மொழிபெயர்ப்பாளரும் தொடக்கூடாது என்று விதியாகவே வைப்போம். உங்கள் தடை எனக்கு இதைத்தான் காட்டியது: இந்த வேறுபாட்டைக் காட்ட நமக்குப் புதுச் சொல் தேவையில்லை, காலம் காட்டும் இடைநிலையே போதும்.

முதல் தடைக்கு வருகிறேன். படிப்பித்தல் ஆகாதுதான். வாசிப்பித்தல் என்று தப்பிக்கலாம், ஆனால் ‘இருக்கிறதா’ என்று கேட்பதற்கு என்ன செய்வோம்? ‘கேட்பித்தல்’ என்றால் பிறர் காதில் விழச்செய்வது என்றாகிவிடும். ஒவ்வொரு வினைக்கும் விகுதி சேர்க்கும் ஆசையை விட்டுவிடுகிறேன். பொதுச்சொல்லாகப் பெயரையே எடுத்துக்கொள்வோம்: நிரல் தன் செயலாக்கத்துக்குள்ளேயே செய்வது தன்வினை அழைப்பு, துணைச் செயலாக்கத்தைக் கொண்டு செய்விப்பது பிறவினை அழைப்பு. எழுதுகை, வாசிப்பு, இருப்பறிதல் எல்லாம் அதற்குள் அடங்கும். எழுதுகைக்கு மட்டும் எழுதுவித்தல் என்ற சிறப்புச் சொல் இருக்கட்டும். தமிழில் பள்ளிப் படிப்பு படித்த யாருக்கும் இந்த இணையை விளக்க வேண்டியிராது. துணைச் செயலாக்கத்துக்குப் புதுப்பெயர் எதுவும் சூட்டவில்லை. ‘துணைச் செயலாக்கம்’ என்பதே தெளிவாக இருக்கிறது.

இடைமுகத்தில் வரும் தொடர்களை இப்படி எழுதிப் பார்த்தேன்:

“சேமிப்பகத்தில் வட்டு விவரத்தை எழுதுவிக்கிறது…”

“வட்டு விவரம் எழுதுவிக்கப்பட்டது.”

“எழுதச் சொல்லி 60 நொடி ஆகிறது, சேமிப்பகத்திடமிருந்து பதில் இல்லை. எழுதப்பட்டதா என்பது தெரியவில்லை. சேமிப்பகம் மீண்டதும் சரிபார்க்கவும்.”

மூன்றாவது தொடரில் ‘எழுதச் சொல்லி’ என்று வேண்டுமென்றே பிரித்து எழுதினேன். சொன்னது நமக்குத் தெரியும், நடந்தது தெரியாது. நள்ளிரவில் இதைப் படிக்கும் பராமரிப்பாளர் அந்த ஒன்றையாவது குழப்பமில்லாமல் அறிந்துகொள்ள வேண்டும்.

மாற்றுக்கருத்து இல்லையென்றால் இம்மூன்றையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன். துஞ்சுநிலை பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை. அதற்கான வரியை வெற்றாகவே விட்டிருக்கிறேன்.

அன்புடன்