கத்ரீனா கரையைத் தொடும் முன்பே தளர்ந்தது ஏன்?

கேள்வி:
2005 ஆகஸ்ட் 28 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மணிக்குச் சுமார் 280 கி.மீ. வேகக் காற்றுடன் மிகக் கடுமையான ஐந்தாம் வகைச் சூறாவளியாக இருந்த கத்ரீனா, மறுநாள் காலை லூசியானா கரையைக் கடந்தபோது மூன்றாம் வகைக்கு இறங்கி, சுமார் 205 கி.மீ. வேகத்தில் வீசியது. நிலத்தின் மீது ஏறினால் புயல் தளரும் என்பது தெரியும். கடலின் மேல் இருக்கும்போதே அதன் ஆற்றல் எப்படிக் குறைந்தது? மூன்று நாட்களுக்கு முன் தென் புளோரிடாவைக் கடந்தும் அது எப்படித் தப்பியது?

பதில் 1:
சூறாவளிக்கு ஆற்றல் தருவது கடல்நீரின் ஆவியாதல். ஒரு கிலோகிராம் நீராவி மேலே சென்று மேகத்துளிகளாகக் குளிரும்போது ஏறக்குறைய 25 இலட்சம் ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பம் கண்சுவரில் (புயலின் நடுவிலுள்ள அமைதியான கண்ணைச் சூழ்ந்த அடர்மேக வளையத்தில்) காற்றை மேலெழச் செய்ய, நடுவில் அழுத்தம் குறைந்து, சுற்றிலுமிருந்து காற்று இன்னும் விரைவாக உள்ளே பாய்ந்து, மேலும் அதிக நீரை ஆவியாக்குகிறது. ஆனால் அதே காற்று கடலைக் கலக்கி, அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவருகிறது. கத்ரீனா சென்ற வழியில் இருந்த வளைய நீரோட்டத்தில் (வளைகுடாவுக்குள் வளைந்து செல்லும் வெப்ப நீரோட்டம்) வெதுவெதுப்பான நீர் மிக ஆழம் வரை இருந்ததால், எவ்வளவு கலக்கினாலும் மேற்பரப்பு எளிதில் குளிரவில்லை. அழுத்தம் 902 மில்லிபார் வரை இறங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன். வடக்கே அந்த ஆழமான வெப்பம் இல்லை. அதோடு உட்புறக் கண்சுவர் சிதைந்தது. வெளியே உருவான வளையம் அதன் இடத்தைப் பிடிப்பதற்குள் கரை வந்துவிட்டது.

பதில் 2:
புளோரிடாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தரையின் உராய்வுதான் புயலைக் கொல்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள்; உராய்வு காற்றைத் தணிப்பது உண்மைதான் என்றாலும், நீராவி வரத்து நின்றுபோவதே பெரிய அடி. கத்ரீனா அங்கே பெரும்பாலும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் மேல் சில மணி நேரமே இருந்தது. அதனால் வெப்பமண்டலப் புயல் நிலைக்குத் தளர்ந்தாலும், வளைகுடாவில் இறங்கியதும் விரைவில் மீண்டுவிட்டது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. காற்று தளர்ந்திருந்தும் மிசிசிப்பி கரையில் கடல் 8 மீட்டருக்கும் மேல் எழுந்தது எதனால்?

பதில் 1:
காற்றின் வேகம் சில மணி நேரத்தில் குறையும். அது ஏற்கெனவே திரட்டித் தள்ளிவிட்ட நீரும் பேரலைகளும் அவ்வளவு விரைவில் அடங்குவதில்லை. தவிர, உச்ச வேகம் குறைந்தபோதும் பலத்த காற்று வீசிய பரப்பு விரிந்தே இருந்தது, அந்தக் கரையோரக் கடலும் ஆழமற்றது.