குடும்ப ஓய்வூதியமும் துறைகளுக்கிடையே தரவுப் பகிர்வும்: உறுப்பினர் அனுபவங்கள்

கோபிசெட்டிபாளையம் வட்டத்திலிருந்து:

தரைப்படையில் சுபேதாராக ஓய்வு பெற்ற என் தகப்பனார் முதிர்ந்த வயதில் காலமானபின், அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் பெற்றுத் தரும் வேலை என்னிடம் வந்தது. முப்படையினரின் ஓய்வூதியம் வங்கிகளிடமிருந்து ஸ்பர்ஷ் என்னும் இணைய அமைப்புக்கு மாறி, பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புத் துறை ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து நேரடியாகக் கணக்கில் வரவாகிறது. ஆகவே இறப்புச் சான்றிதழை ஏற்றிவிட்டால் மற்றவை தாமாகவே நடந்துவிடும் என்று உறவினர்கள் கூறினர். அதில் பாதிதான் நடந்தது. இறப்புச் செய்தி பதிவானதும் தகப்பனாரின் ஓய்வூதியம் நின்றுவிட்டது. கடைசி ஊதியத்தில் 30 சதவீதமாக அம்மாவுக்கு வர வேண்டிய தொகையோ தொடங்கவில்லை.

காரணம், படையிலிருந்து ஓய்வு பெறும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருந்தது. குடும்ப விவரம் எழுதும் பக்கத்தில், மங்கிய நீல மையில், அம்மாவின் பெயரை யாரோ ஒரு எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருந்தார். நம் பக்கத்துப் பெண்களின் பெயர்களில் வழக்கமாக வரும் 'ஆத்தாள்' அங்கே 'அதா' என்று குறுகியிருந்தது, இனிஷியலும் இல்லை. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் முழுப்பெயர் கணவரின் இனிஷியலுடன் இருந்ததால், கணினியின் கணக்கில் இருவரும் வெவ்வேறு ஆட்களாகிவிட்டனர்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, இதுக்குப் பார்ட் டூ ஆர்டர் போட்டு வாங்கோணுமுங்க, வேற வழி இல்லீங்க" என்று பொறுமையாக விளக்கினார். உறுதிமொழிப் பத்திரம், ஆதார் நகல், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல் ஆகியவற்றுடன் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, அவர் சொன்ன 'பார்ட் டூ ஆர்டர்' என்னும் பெயர்த் திருத்த ஆணை வந்த பிறகே ஓய்வூதியம் நிலுவையோடு கிடைத்தது.

நான் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புவது அதற்குப் பின் நடந்ததைத்தான். அந்த ஆணை ஓய்வூதியப் பதிவில் ஏறியதே தவிர, கைம்பெண் அடையாள அட்டைக்கும் மருத்துவ அட்டைக்கும் அதே உறுதிமொழியையும் அதே நகல்களையும் தனித்தனியே கொடுக்க நேர்ந்தது. துறைகள் தரவைப் பகிர்ந்துகொள்வதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் இப்போதைக்குப் பழைய பதிவுதான் எங்கும் போய்ச் சேர்கிறது. அதன்மீது செய்த திருத்தம் செய்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. பணி எண் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாகவே இருக்கும்போது, திருத்த ஆணையை அந்த எண்ணின் வழியே மற்ற அலுவலகங்களுக்கும் அனுப்புவது அப்படியொன்றும் பெரிய காரியமன்று. ஓய்வூதியர் உயிரோடிருக்கும் வீடுகளில் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மனைவியின் ஆதாரையும் இன்றே அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அவரே கையொப்பமிட்டு விண்ணப்பிப்பதற்கும், அவர் இல்லாதபோது நாம் அலைவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

காங்கேயத்திலிருந்து:

எங்கள் வீட்டில் பெயர் சரியாக இருந்தது. பிறந்த தேதிதான் இல்லை. குடும்ப ஓய்வூதியருக்கும் 80 வயது நிறைந்தால் 20 சதவீதமும், 85இல் 30 சதவீதமும் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. பாட்டியின் பழைய ஓய்வூதிய ஆணையில் பிறந்த தேதிக்குரிய கட்டம் வெறுமையாக இருந்ததால், 80 கடந்தும் அந்தக் கூடுதல் தொகை வரவில்லை. இத்தனைக்கும் ஆண்டுதோறும் ஆதார் வழியாக, கைரேகை வைத்து, உயிர்வாழ்வுச் சான்று கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். மஞ்சள் காட்டில் உழைத்துத் தேய்ந்த விரலை ஒவ்வொரு நவம்பரிலும் துடைத்துத் துடைத்து வைத்துப் பெற்ற சான்று அது. அவர் உயிரோடிருக்கிறார் என்பதை ஆதாரைக் கொண்டு உறுதிசெய்துகொண்ட அரசுக்கு, அதே ஆதாரில் உள்ள பிறந்த தேதியையும் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். வயதுச் சான்றைத் தனியே இணைத்து விண்ணப்பித்த பின் 20 சதவீதம் சேர்ந்தது. 80 நிறைந்த மாதத்திலிருந்து வர வேண்டிய நிலுவைக்கு இப்போது மனு கொடுத்திருக்கிறோம்.