மறு: பரப்புப் பொருத்தமா, படியவைப்பா?

வணக்கம். ‘பரிணாம வழிமுறையால் சர்ஃபேஸ் ஃபிட்டிங்’ (அளந்த புள்ளிகளின்மேல் ஒரு பரப்பைப் போடுவது) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் வந்த கேள்வி இது:

> ஃபிட்டிங், ஃபிட்னஸ் இரண்டுக்கும் ‘பொருத்தம்’ போதுமே. எதற்கு இரண்டு சொல்?

போதாது ஐயா. எங்கள் கடலூர் முதுநகர்ப் பக்கம் கரையில் ஏற்றிவைத்திருக்கும் ஃபைபர் படகு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். லேசர் ஸ்கேனரால் அதன் வெளி ஓடு முழுவதையும் அளந்தால் லட்சக்கணக்கில் முப்பரிமாணப் புள்ளிகள் வரும். அவற்றின்மேல் ஒரு பி-ஸ்ப்ளைன் பரப்பை, அதாவது வளைந்த துண்டுகளை வழவழப்பாக இணைத்த பரப்பை, போட வேண்டும். அது எல்லாப் புள்ளிகளையும் தொட வேண்டியதில்லை, தொடவும் கூடாது; ஸ்கேனரின் பிசிறும் ஓட்டில் ஒட்டிய சிப்பியும் அளவில் சேர்ந்தே வந்திருக்கும். சட்டை தோளில் படிகிறது என்கிறோமே, அப்படிப் படிந்தால் போதும். ‘பொருத்துதல்’ என்றால் இடைவெளி இல்லாமல் மாட்டுகிற வேலை. அதனால் ‘பரப்புப் படியவைப்பு’ என்கிறேன்.

சரி, பரிணாமம் இதில் எங்கே வருகிறது? முடிச்சுகளை, அதாவது பரப்பின் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களை, எங்கே வைப்பது என்பதில். படகின் நடுப்பகுதி நீளமாக, ஒரே சீராகப் போகும். அங்கே நாலைந்து போதும். அணியத்தில் (படகின் முன்பகுதியில்) வளைவு சட்டென்று மாறும். அங்கே நெருக்கி வைக்க வேண்டும். முடிச்சுகளின் இடமும் புள்ளிகளின் அளபுருக்களும் (ஒவ்வொரு புள்ளியும் பரப்பில் எந்த இடத்துக்குரியது என்று காட்டும் எண்கள்) தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் மீச்சிறு வர்க்க முறையில், அதாவது விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி அந்தக் கூட்டலை மிகக் குறைவாக்கும் முறையில், முடிந்துவிடும் நேரியல் கணக்கு. முடிச்சுகளையும் நகரவிட்டால் அது நேரியல் அல்ல. பிழை குறையும் சரிவு பார்த்து இறங்கும் முறைகள், இன்னும் ஆழமான பள்ளம் வேறெங்கோ இருந்தாலும், பக்கத்துப் பள்ளத்திலேயே மாட்டிக்கொள்ளும். அமெரிக்க அறிவியலர் ஜான் ஹாலந்து 1975-இல் நூலாகத் தந்த, பரிணாம வழிமுறைகளில் ஒன்றான மரபணு வழிமுறையை இங்கே கொண்டுவருவது அதற்காகத்தான். ஒவ்வொரு முடிச்சு வரிசையும் ஓர் உயிரி; கலப்பு, திடீர்மாற்றம், தேர்வு, அடுத்த தலைமுறை.

எது பிழைக்கும் என்று சொல்கிற எண்தான் ஃபிட்னஸ்; அதைத்தான் ‘தகவு’ என்கிறேன். அதை எச்சத்தை (பரப்பிலிருந்து புள்ளிகள் விலகும் அளவை) மட்டும் வைத்து அளக்க முடியாது. முடிச்சைக் கூட்டிக்கொண்டே போனால் எச்சம் குறையும், ஆனால் பரப்பு சிப்பியையும் சேர்த்து வரைந்துவிடும். அதனால் கூடுதல் முடிச்சுக்கு அபராதம் போடுவார்கள். விலகலையும் சிக்கலையும் சேர்த்து எடைபோடும் அக்காய்கே அளவையைப் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆக, மிக நன்றாகப் படிந்த பரப்பே தகவு குறைந்ததாக இருக்கலாம். இரண்டுக்கும் ‘பொருத்தம்’ என்று வைத்துவிட்டு இந்த வாக்கியத்தை எப்படி எழுதுவீர்கள்?

‘தகவு’ சிலர் எழுத்தில் விகிதத்தைக் குறிக்கிறது, உண்மைதான். ஆனாலும் எனக்கு அதை விட மனமில்லை. தக்கார் தகவிலர் என்பது எச்சத்தால் காணப்படும் என்கிறது 114-ஆம் குறள். எச்சம் என்பதற்குச் சந்ததி என்றும் பொருள் உண்டு, புள்ளியியலில் மிச்சப் பிழை என்றும் உண்டு. இந்த வழிமுறையில் இரண்டுமே பொருந்துவது வெறும் அதிர்ஷ்டம்!

அப்புறம், புதுச்சேரி நண்பர் சொன்ன ‘படிமலர்ச்சிப் படிமுறைவழிப் பரப்புப் படியவைப்பு’ வேண்டாம். வாயில் நுழையவில்லை. ‘பரிணாம வழிமுறை’ என்றே இருக்கட்டும். முடிச்சு முடிச்சாகவே இருக்கட்டும். ‘கணு’வை வலையமைப்புக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். பரப்பின் வடிவத்தை இழுத்து அமைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிக்கு இன்னும் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.