ஃப்ரோபிஷரின் அந்த ஐந்து மாலுமிகள் என்ன ஆனார்கள்?

நீலத்திமிங்கலம்:
1576-இல் ஆங்கிலேயக் கடலோடி மார்ட்டின் ஃப்ரோபிஷர் ஆசியாவுக்கு வடக்கு வழி தேடி, இன்றைய கனடாவின் வடக்கே உள்ள பாஃபின் தீவுக்குப் போனார் இல்லையா? அங்கே கரைக்குப் போன ஐந்து மாலுமிகள் படகோடு திரும்பி வரவே இல்லை. அங்கே வாழும் ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, இனுயிட் தரப்பு என்ன சொல்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையவரைபடம்:
சொல்கிறது, ஆனால் அது வெளியாருடைய காதில் விழ 285 வருஷம் ஆனது. ஆர்க்டிக்கில் காணாமல் போன ஜான் ஃபிராங்க்ளினின் கப்பல் குழுவைத் தேடிப் போன அமெரிக்கர் சார்லஸ் ஃபிரான்சிஸ் ஹால், 1861-இல் ஃப்ரோபிஷர் போன அதே விரிகுடாவில் ஒரு வயதான இனுயிட் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டார். வெள்ளைக்காரர்கள் மூன்று தடவை வந்தார்களாம்; மூன்றாம் தடவை ஏகப்பட்ட கப்பலாம். ஆங்கிலேயர் கணக்கும் அதேதான்: 1576, 1577, 1578, கடைசித் தடவை 15 கப்பல்கள். எழுத்தே இல்லாமல் இத்தனை தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் சிலிர்த்தது.

அந்த ஐந்து பேர் இனுயிட்களோடுதான் குளிர்காலத்தைக் கழித்தார்களாம். அப்புறம் ஒரு பெரிய படகு கட்டி, பாய்மரம் நட்டு, பனி சரியாக உருகுவதற்கு முன்பே அவசரப்பட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். சிலருக்குக் கை உறைந்துபோனது. கடைசியில் எப்படியோ திறந்த கடலுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அவர்களைப் பார்க்கவில்லை.

உப்புக்காற்று:
அவ்வளவு சுமுகமாக நடந்ததா என்று எனக்குச் சந்தேகம். 1577-இல் மறுபடி அங்கே போன ஃப்ரோபிஷரின் ஆட்கள் ஒரு இனுயிட் முகாமில் ஆங்கிலேயத் தையலில் ஒரு கேன்வாஸ் மேற்சட்டை, ஒரு சட்டை, ஒரு இடைவார், மூன்று காலணிகள் கண்டெடுத்தார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவு. காலணியை விட்டுவிட்டு அந்தக் குளிரில் யார் படகேறுவார்?

பழையவரைபடம்:
நியாயமான கேள்விதான். ஒரு வருஷம் அங்கேயே வாழ்ந்தவர்கள் தோல் காலணிக்கு மாறியிருக்கலாம், அது என் ஊகம். ஆனால் பிடித்துக்கொண்டு போனது யார் என்று பேசினால் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஐந்து பேர் காணாமல் போனதும் ஃப்ரோபிஷர் கப்பலின் பக்கவாட்டில் ஒரு மணியை ஆட்டிக்காட்டினார். கயாக்கில், அதாவது இனுயிட்களின் சின்னத் தோல் படகில், வந்த ஒருவர் வாங்கக் கை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்து, கயாக்கோடு சேர்த்து மேலே இழுத்துப் போட்டார்கள். ஆத்திரத்தில் அந்த மனிதர் தன் நாக்கையே கடித்துக்கொண்டார். இங்கிலாந்து போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் இறந்துபோனார்.

அடுத்த வருஷம் ஒரு இனுயிட் ஆண், ஒரு பெண், ஒரு கைக்குழந்தை என மூவரைப் பிடித்து இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆண் ஏவோன் நதியில் கயாக் ஓட்டி வாத்து வேட்டையாடிக் காட்டினார், ஊரே வேடிக்கை பார்த்தது. சில வாரங்களில் மூவரும் இறந்துபோனார்கள். ஆணின் உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர் விலா எலும்பு உடைந்திருந்ததை எழுதியிருக்கிறார்.

உப்புக்காற்று:
இத்தனையும் எதற்கு? தங்கம் என்று நினைத்து ஆயிரம் டன்னுக்கு மேல் கறுப்புக் கல்லை அள்ளிக்கொண்டு போனார்கள். காலணாவுக்குப் பிரயோஜனமில்லை.

நீலத்திமிங்கலம்:
ஐந்து பேரைப் பற்றிக் கேட்க வந்தேன். இப்போது அந்த மணிக்குக் கை நீட்டியவரின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.